அளவு ஜாக்கெட்

மார்கழி பிறந்ததிலிருந்து என் தையல் மெஷினுக்குக் காலையில் ஒரு குணம், மத்தியானம் ஒரு குணம். காலையில் சக்கரத்தைக் கையால் சுற்றினால், பள்ளிக்கூடம் போக மனமில்லாத பிள்ளை மாதிரி இழுத்துக்கொண்டே வரும். ஒரு சாண் தைத்தால் மேலே பார்க்க ஒழுங்காக இருக்கும். துணியைத் திருப்பினால் அடியில் நூல் கொசகொசவென்று கூடு கட்டியிருக்கும். அதே மெஷின், வெயில் ஜன்னல் வழியாக வந்து மேசைமேல் ஏறிய பிறகு, எனக்கும் அதற்கும் எந்தச் சண்டையும் நடக்காதது போல ஓடும்.

நான் முன்கோபக்காரி. மிக்ஸி ஓடாவிட்டால் மிக்ஸியைத் திட்டுவேன், பஸ் வராவிட்டால் ரோட்டைத் திட்டுவேன். மெஷினை மட்டும் ரொம்ப நேரம் திட்ட முடிவதில்லை. ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கோபம் எந்தப் பக்கம் போனது என்றே தெரியாது. ஒரே சீரான சத்தம் காதில் விழ விழ, துணி தானாக முன்னால் போகும். நான் வேறெங்கோ போய்க்கொண்டிருப்பேன். பாதி விழிப்பில் ஏதேதோ தெரியும். தண்ணீர் தெரியும், யாரோ சிரிப்பது கேட்கும். ஒருமுறை ஜன்னல் திரைக்கு ஓரம் அடிக்க உட்கார்ந்து, என் முந்தானை நுனியையும் அதோடு சேர்த்துத் தைத்துவிட்டு எழுந்தேன்.

"நீ எங்க தைக்கறே? மெஷின் தைக்குது. நீ சும்மா கூட உக்காந்து தூங்கறே" என்பார் வீட்டுக்காரர்.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில், உப்பங்கழியிலிருந்து கூப்பிடு தூரத்தில். மாடி அறையில் மெஷின். ஜன்னலைத் திறந்தால் படகுகளின் மோட்டார் சத்தமும் மீன் வாடையும் வரும். காற்று தெற்கிலிருந்து வீசினால் சிப்காட் ரசாயன வாடையும் வரும். வீட்டுக்காரர் அங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். உப்புக்காற்றில் இரும்பு எதுவும் உருப்படாது. அதனால் மெஷினைப் பழைய வேட்டியால் மூடி, மெஷின் எண்ணெயைத் தவிர வேறெதுவும் படாமல், கண்ணுக்குக் கண்ணாக வைத்திருந்தேன். கறுப்புத் தலை, மரப் பலகை, பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார், காலுக்கு ஒரு மிதி, அவ்வளவுதான். நான் தையல்காரி இல்லை. எனக்கும் உறவுக்கும் தைத்துக்கொள்வேன்.

அந்த மெஷின் சில மாதங்கள் சிதம்பரத்தில் அண்ணி வீட்டில் இருந்துவிட்டு வந்திருந்தது.

அண்ணி என்றால் வீட்டுக்காரரின் அக்கா. உறவுப்படி நாத்தனார், கூப்பிடுவது அண்ணி என்று. நாத்தனார் என்றால் தேள் கொடுக்கோடு வருவார் என்று பயந்துகொண்டுதான் இந்த வீட்டுக்குள் கால் வைத்தேன். இவர் வந்ததோ வேறு விதமாக. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்களே, அண்ணி படியேறும் முன்னால் அவருடைய ஜாக்கெட்டின் முதுகுக் கயிற்றில் தொங்கும் மணிக் குஞ்சம் குலுங்கும் சத்தம் வந்துவிடும். இறக்கமான முதுகு, கையில் சரிகை ஓரம், தோளில் ஊசி நூலால் போட்ட பூ வேலை. சிதம்பரத்துத் தேரோடும் வீதிகளில் புதுத் துணி எது வந்தாலும் அண்ணிக்கு வாசனை பிடித்துவிடும். பார்க்கிறவர்கள் ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டுத்தான் புடவையைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

போன வருஷம் அண்ணிக்கு வலது மார்பில் புற்று என்று சொல்லி, அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். மருந்தில் முடி கொட்டி, மறுபடி சுருள்சுருளாக முளைத்தது. ஆள் தேறிவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு நைட்டிதான், தோளில் குறுக்காக ஒரு துண்டுதான். கடைக்குப் போவதில்லை, கோயிலுக்குப் போவதில்லை. குடும்பத்தில் எல்லோரும் அதை "ஆபரேஷன்" என்ற ஒரே சொல்லில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் போனேன்.

ஆவணியில் ஒரு நாள் அண்ணி போன் பண்ணினார். "பொழுதே போவலம்மா. உன் மெஷினைக் கொஞ்ச நாளைக்குக் குடேன். தலையணை உறை எதுனா தைச்சுகிட்டு உக்காந்திருப்பேன்" என்றார். எனக்குச் சந்தோஷம். அண்ணி மறுபடி எதையாவது ஆசையாகக் கேட்டாரே என்று அன்றைக்கே அனுப்பிவைத்தேன்.

மார்கழி பிறந்ததும் மெஷின் திரும்பி வந்தது. கூடவே ஒரு பையில் அரக்குப் பட்டில் ஒரு ஜாக்கெட் துணியும் அண்ணியின் பச்சை ஜாக்கெட்டும் வந்தன. அண்ணி மகளுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஸ்ரீமுஷ்ணம். சிதம்பரத்தில் மண்டபம் பிடித்தாகிவிட்டது.

பச்சை ஜாக்கெட் எதற்கு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கம் உடம்பை அளக்கக் கொடுப்பது வழக்கம் இல்லை. நன்றாக உட்கார்ந்த பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து, இதே மாதிரி வெட்டுங்கள் என்போம். அதுதான் அளவு ஜாக்கெட். வெளுத்து நைந்தாலும் தூக்கிப் போட மாட்டோம். அதில் இன்னொரு சங்கதியும் உண்டு. பக்கத் தையலுக்கு உள்ளே ஓரத் துணியை வெட்டாமல் விட்டு, வரிசையாக இன்னும் இரண்டு மூன்று தையல் போட்டு வைப்போம். உடம்பு போட்டால் முதல் தையலைப் பிரித்துக்கொள்ளலாம். அடுத்தது தயாராக இருக்கும். அண்ணியின் பச்சை ஜாக்கெட்டில் அப்படிப் பிரித்த தையல்களின் ஊசித் துளைகள் இன்னும் தெரிந்தன. மகள் பிறந்த பிறகு பிரித்தது ஒன்று, சுகமாக இருந்த வருஷங்களில் பிரித்தது ஒன்று. உடம்பு பெருப்பதற்கு மட்டும்தான் அதில் வழி வைத்திருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணி போனில் சொன்னார்:

"அதே அளவுதாம்மா. உள்ள பிரிக்கறதுக்குத் தையல்லாம் விட வேணாம். எனக்கு எதுக்கு இனிமே? ஒரு நாள் கூத்துதானே."

"சரி அண்ணி" என்றேன்.

"அப்புறம் இன்னொண்ணு. தாரை வார்க்கறதுக்கு நீயும் தம்பியும் நின்னுடுங்க. தாய்மாமனும் அத்தையும் நின்னா போதாதா? நான் பின்னாடி பந்தியைப் பாத்துக்கறேன்."

தாரை வார்ப்பது என்றால், பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து அப்பா பிடித்துக்கொள்ள, அம்மா சொம்பிலிருந்து தண்ணீர் வார்க்க வேண்டும். மேடையில் எல்லோர் கண்ணும் அந்தக் கையில்தான் இருக்கும். வலது கையைத் தூக்க வேண்டும், முந்தானை நழுவும், வீடியோக்காரர் வேறு விளக்கைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டுவார். அண்ணி எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் அண்ணி மகள் போன் பண்ணினாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "அத்தை, கோச்சிக்காதீங்க. நீங்க ஊத்துனா எனக்கு வேணாம். எங்கம்மாதான் ஊத்தணும். இல்லன்னா யாருமே ஊத்த வேணாம், அப்படியே தாலி கட்டட்டும்" என்றாள். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்கிறாளே என்று சுருக்கென்றது. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்பதால் உடனே சரியாகவும் போயிற்று.

"உங்கம்மாவே ஊத்துவாங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எந்தத் தைரியத்தில் என்று கேட்டால் தெரியாது. கையில் ஒரு துண்டு பட்டும் ஓடாத ஒரு மெஷினும் இருந்தன.

பட்டில் கை வைக்கப் பயமாக இருந்ததால் பழைய வேட்டித் துணியில் ஓட்டிப் பார்த்தேன். கூடு கட்டியது. ஊசியை மாற்றினேன், தட்டைப் பக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து மாட்டினேன். கூடு கட்டியது. நூலை முழுக்க உருவி முதலிலிருந்து கோத்தேன். அடி நூல் சுற்றும் பாபினில் நூலைப் பிரித்துச் சீராகச் சுற்றினேன். பாபின் கேஸில் இருக்கும் குட்டித் திருகை ஒரு மயிரிழை இறுக்கினேன், இரண்டு மயிரிழை தளர்த்தினேன். மெஷினில் எது கோளாறானாலும் அந்தத் திருகைத் திருகுவது எங்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி. அடியில் சிக்கல் தெரிந்தால் அடியில்தான் குற்றம் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அடியில் கூடு கட்டினால், பெரும்பாலும் மேல் நூல்தான் பிடிமானம் இல்லாமல் ஓடியிருக்கும். எனக்கும் இது தெரியும். தெரிந்தும் திருகினேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று காபியோடு வந்து நின்றார் வீட்டுக்காரர்.

"நீங்க வந்து ஆடுங்க பாப்போம்" என்றேன். போய்விட்டார்.

காலையில் அழ வைத்துவிட்டு மத்தியானம் ஓடும். மத்தியானம் ஓடுகிறதே என்று மறுநாள் காலை பட்டை எடுத்து வைத்தால் சக்கரமே நகராது. அந்த மத்தியானங்களில் நான் வேட்டித் துணியைச் சும்மா ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கழியில் தண்ணீர் மேலேறும்போது அதன் ஒளி அறையின் கூரையில் வந்து நெளியும். ஊசி ஓட ஓட, கூரையில் தண்ணீர் ஓட ஓட, தைப்பது துணியா தண்ணீரா என்று தெரியாத ஒரு மயக்கம் வரும். அந்த மயக்கத்தில் அண்ணி ஒரு சொம்போடு நிற்பார். முகம் தெரியாது, கை மட்டும் தெரியும். கை மேலே வராது. திடுக்கென்று விழித்துப் பார்த்தால் துணி தீர்ந்து மெஷின் வெறும் இரும்பைத் தைத்துக்கொண்டிருக்கும்.

முடிச்சு அவிழ்ந்தது சமையலறையில். ஒரு நாள் காலை தலைக்குத் தேய்க்கத் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தேன். மார்கழிப் பனியில் வெண்ணெய் மாதிரி உறைந்திருந்தது. வழக்கம்போல ஜன்னல் ஓரத்தில் வெயிலுக்கு வைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஓரமெல்லாம் உருகிக் கண்ணாடி மாதிரி ஆகி, நடுவில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டி மிதந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். காலையில் இறுகி, வெயில் ஏறினால் இளகும் ஒன்று. தலைக்கு எண்ணெய் வைக்காமலே மாடிக்கு ஓடினேன்.

மேல் நூலைப் பிடித்துக்கொள்ள மெஷினில் இரண்டு வட்டத் தகடுகள் உண்டு. நூல் அவற்றின் நடுவே நெருக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு மெல்லிய துணியை அந்த இடுக்கில் விட்டு இழுத்தேன். துணியில் வெள்ளையாக வழுவழுப்பு. தகடு இரண்டையும் ஒட்டவிடாமல் உறைந்து கிடந்தது தேங்காய் எண்ணெய். யாரோ எண்ணெய் விட வேண்டிய இடம், கூடாத இடம் என்று பார்க்காமல், ஓட்டை தெரிந்த இடத்திலெல்லாம் தாராளமாக ஊற்றியிருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ. துணியை மூக்கருகே கொண்டுபோனேன். வெந்தயமும் செம்பருத்தியும் போட்டுக் காய்ச்சிய வாசனை. அண்ணியின் தலை வாசனை.

எனக்கு முதலில் வந்தது கோபம். கடையில் எண்ணெய் கிடைக்காதா, ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்று வாய்விட்டே திட்டினேன். திட்டிக்கொண்டே ஊசி இறங்கும் தகட்டைக் கழற்றினேன். துணியைத் தள்ளும் பற்களுக்கு நடுவே பஞ்சு அடைத்திருந்தது. சாதாரணத் துணித் தூசி இல்லை. பட்டு மாதிரி மினுக்கும் இலவம்பஞ்சு. கிள்ளிக் கிள்ளி எடுத்தேன். கடைசியில் பஞ்சோடு ஒரு கறுப்பு இலவம் விதையும் உருண்டு வந்து மேசையில் விழுந்தது.

தலையணை உறை தைத்தால் பஞ்சு ஊசிக்கு அடியில் வராது. உறையைத் தைத்துவிட்டுத் தலையணையைச் செருகுவோம், அவ்வளவுதான். பஞ்சை வைத்து அதன் மேலேயே தைத்தால்தான் இப்படி அடைக்கும். அண்ணி என்ன தைக்கப் பார்த்தார் என்று அப்போது எனக்கு விளங்கியது.

விதையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. சிதம்பரத்து வீட்டில் அண்ணியின் வீட்டுக்காரரும் மகளும் வேலைக்குப் போன பிறகு அண்ணி கதவைச் சாத்துகிறார். ஒரு தலையணையைப் பிரிக்கிறார். துணியை வட்டமாக வெட்டி, பஞ்சை நிரப்பி, மெஷினில் வைக்கிறார். மெஷின் திணறுகிறது. தலைக்கு வைத்திருந்த எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றுகிறார். மறுபடி திணறுகிறது. மறுபடி ஊற்றுகிறார். பிறகு பறக்கும் பஞ்சையெல்லாம் கூட்டி அள்ளிவிட்டு, சாயங்காலம் எல்லோரும் வருமுன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்கிறார். இத்தனை மாதமாக அவர் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. நான் நன்றாக அழுதேன்.

பக்கத்து வீட்டில் கொஞ்சம் மண்ணெண்ணெய் வாங்கிவந்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகக் கழுவினேன். வெறுமனே ஓட்டிக் கறுப்பையெல்லாம் கக்க வைத்து, துடைத்து, காயவிட்டு, மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக வைத்தேன். மறுநாள் விடியற்காலைப் பனியிலேயே ஓட்டிப் பார்த்தேன். தையல் மேலும் கீழும் ஒன்றுபோல விழுந்தது.

மெஷின் சரியாகிவிட்டது. அளவுதான் சரியில்லை. பச்சை ஜாக்கெட்டை மேசையில் விரித்துப் பார்த்தேன். இதே அளவில் தைத்தால் வலது பக்கம் தொளதொளவென்று மடிந்து தொங்கும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அளவு ஜாக்கெட் கொடுக்கும் வழக்கம் இருந்ததால் நாங்கள் இருவரும் அதைச் சொல்லாமலே தப்பித்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்காரருக்கு லீவு வந்த நாளில் காரில் மெஷினை ஏற்றினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வரை பனி விலகவில்லை. வயலும் மரமும் பாதி அழிந்த ஓவியம் மாதிரி இருந்தன. மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், குழந்தையைக் கொண்டுபோவது போல.

வாசலில் மார்கழிக் கோலம் காயாமல் இருந்தது. அண்ணி கதவைத் திறந்து, என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"என்னா பொண்ணே, மெஷினைத் தூக்கிகிட்டு வந்துட்டே? தம்பியோட சண்டையா?"

"இதுக்கு உங்க எண்ணெய் புடிச்சுப் போச்சு அண்ணி. எங்க வீட்டுல ஓட மாட்டேங்குது."

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். உடனே அவர் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "மண்டபத்துல ஜெனரேட்டர் இருக்குதான்னு கேக்கணும்னீங்களே, தம்பியையும் கூட்டிகிட்டுப் போயிட்டு வாங்க" என்றார். இருவரும் போன பிறகு கதவைச் சாத்தினார்.

நான் பச்சை ஜாக்கெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "இது வேணாம் அண்ணி. நீங்கதான் வேணும். அளக்கணும்."

"அளவுதான் குடுத்துட்டேனே."

"அது பழைய அண்ணியோட அளவு. கல்யாணத்துக்கு வரப்போறது இந்த அண்ணி."

"உனக்கு வாய் ஜாஸ்தி" என்றார். எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டுதான் போகிறார் என்று நினைத்தேன். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. புடவைகளுக்கு அடியிலிருந்து எதையோ எடுத்துவந்து என் மடியில் போட்டார். துணியில் தைத்த பஞ்சு உருண்டை. ஓரமெல்லாம் நூல் கூடு கட்டி, நசுங்கிப்போன பன் மாதிரி இருந்தது.

"இதான் நான் தைச்ச தலையணை உறை. போட்டுப் பாத்தேன். மேல இருந்து டப்பாவை எடுக்கலாம்னு கையைத் தூக்கறேன், இது நேரா ஏறி வந்து தாடையில முட்டுது. கீழ இறக்கிவுட்டா மறுபடியும் ஏறுது. நானும் அதும் கண்ணாமூச்சி ஆடிகிட்டே நின்னோம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு நிற்காமல் போய், எந்த இடத்தில் அழுகையானது என்று இருவருக்கும் தெரியவில்லை.

பிறகு அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று துண்டை எடுத்தார். "யாருக்கும் காட்டினதில்ல. எங்க வீட்டுக்காரருக்கும் காட்டல. அவுங்க கேக்கவும் இல்ல" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

வலது பக்கம் தட்டையாக இருந்தது. நெஞ்செலும்பிலிருந்து கக்கம் வரை ஒரு கோடு, நடுவில் லேசாக இழுத்துக்கொண்டிருந்தது. அதைவிட மோசமாக எதையோ நான் இத்தனை நாள் மனதில் கட்டி வைத்திருந்தேன் என்று அப்போது தெரிந்தது. டேப்பை வைத்தேன்.

"டேப்பைக் கொஞ்சம் வெயில்ல வச்சு எடுத்துகிட்டு வரக் கூடாதா? சில்லுங்குது" என்றார் அண்ணி.

இடப் பக்கம் தனியாக, வலப் பக்கம் தனியாக அளந்தேன். கையைத் தூக்கச் சொல்லி, எதுவரை வருகிறது என்று பார்த்தேன். தோள் மட்டத்துக்கு மேல் கொஞ்சம் வந்தது. அதற்கு மேல் வலி. சொம்பு சாய்க்க அந்த உயரம் போதும்.

வேட்டித் துணியிலேயே முதலில் ஒரு ஜாக்கெட் வெட்டினேன். கக்கத்தில் கை தூக்கினால் இழுக்காதிருக்க ஒரு சின்னச் சதுரத் துண்டை மூலைவாட்டில் வைத்துத் தைத்தேன். உள்ளே வலப் பக்கம் ஒரு பை. அண்ணியின் உருண்டையைப் பிரித்துப் பஞ்சைத் திணித்தேன். ஆனால் பஞ்சுக்கு எடை கிடையாதே, மறுபடி ஏறிவிடுமே என்று இருவரும் யோசித்தோம். அண்ணிதான் சமையலறைக்குப் போய் ஒரு டப்பாவோடு வந்தார்.

"கேவுரு போட்டா என்னா?"

கேழ்வரகைக் கையில் அள்ளிப் பார்த்தேன். குளிர்ச்சியாக, கனமாக, விரலுக்குள் வழுகிக்கொண்டு தானாக ஒரு வடிவத்தில் உட்கார்ந்தது. "வேர்வையில நனைஞ்சு முளைச்சிடப் போவுது அண்ணி" என்றேன்.

"முளைச்சா நல்லதுதானே. கல்யாணத்துக்குப் பாலிகை தெளிக்கற செலவு மிச்சம்" என்றார். மணமேடையில் தானியம் முளைக்க வைக்கும் பாலிகைக் கிண்ணங்களைத்தான் சொன்னார். பழைய அண்ணி அந்த நிமிஷத்தில் திரும்பி வந்தார் என்று நான் அடித்துச் சொல்வேன். இருந்தாலும் முளைக்க வேண்டாம் என்று வாணலியில் வறுத்து, ஆறவிட்டு, சின்னப் பையில் கட்டிப் பஞ்சுக்கு அடியில் வைத்தோம்.

சாயங்கால வெளிச்சத்தில் அண்ணி வேட்டி ஜாக்கெட்டைப் போட்டு, மேலே ஒரு நூல் புடவை கட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு சமையலறையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து, "கையை நீட்டு" என்றார். நீட்டினேன். வலது கையைத் தூக்கிச் சாய்த்தார். தண்ணீர் என் உள்ளங்கையில் விழுந்து தரையெல்லாம் ஓடியது. முந்தானை நழுவியது. அவர் அதைப் பிடிக்கவில்லை.

"இழுக்கல" என்றார். "பாத்தியா, ஏறவும் இல்ல."

"அப்ப தாரைக்கு நான் வேணாமா அண்ணி?"

"உன்ன யாரு கூப்புட்டா?" என்றார்.

பட்டு ஜாக்கெட்டைக் கடலூரில் வைத்துத் தைத்தேன். எல்லாக் காலையிலும் மெஷின் ஓடியது. தைக்கும்போது நான் எங்கேயும் போகவில்லை, ஒரு கனவும் வரவில்லை. முதுகுக் கயிறும் மணிக் குஞ்சமும் அண்ணி கேட்காமல் நானாக வைத்தேன்.

கல்யாணத்தன்று மேளம் உச்சத்தில் இருந்தபோது அண்ணி சொம்பை எடுத்தார். எல்லோரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்தார்கள். நான் அண்ணியின் வலது கக்கத்தில் வைத்த சதுரத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை உயர்ந்தது. தையல் கொஞ்சம் விரிந்து கொடுத்து அப்படியே நின்றது. தண்ணீர் விழுந்தது. அண்ணி மகள் குனிந்த தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தாள்.

கல்யாணச் சந்தடியெல்லாம் ஓய்ந்து, பங்குனி வெயில் ஏறிய ஒரு நாளில் சிதம்பரத்திலிருந்து ஒரு பை வந்தது. மாம்பழ மஞ்சளும் கத்தரிப்பூ நிறமுமாகப் புது ஜாக்கெட் துணிகள். பச்சை ஜாக்கெட் இல்லை. மடித்து வைத்திருந்தது நான் தைத்த அந்த வேட்டி ஜாக்கெட். துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் போனும் வந்தது.

"அதே அளவுதாம்மா. ஆனா உள்ள ரெண்டு தையல் விட்டு வை. இப்பல்லாம் நல்லா சாப்புடறேன். உடம்பு போடும்போல இருக்கு."

"சரி அண்ணி" என்றேன். அன்று மத்தியானமே உட்கார்ந்தேன். அவர் கேட்டது இரண்டு. துணி இருந்த மட்டும் நான் போட்டுக்கொண்டே இருந்தேன்.